மூடிக் கிடக்கும் பழைய அறிவியல் கட்டடம்: இடிப்பதா, மாற்றிப் பயன்படுத்துவதா?

கேள்வி: கட்டடக் குழு உறுப்பினர்

எங்கள் கல்லூரியின் இயற்பியல், வேதியியல், விலங்கியல் துறைகள் புதிய கட்டடத்துக்கு மாறிய பிறகு, அவை முன்பு இயங்கிய மூன்று மாடிக் கட்டடம் சில ஆண்டுகளாகப் பூட்டியே கிடக்கிறது. அதை என்ன செய்யலாம் என்று பரிந்துரைக்கும் குழுவில் நானும் இருக்கிறேன். இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று ஒரு சாராரும், பல தலைமுறைகள் படித்த இடத்தில் கை வைக்கவே கூடாது என்று மற்றொரு சாராரும் வாதிடுகிறார்கள். இரு தரப்பினரிலும் அண்மையில் உள்ளே சென்று பார்த்தவர்கள் மிகக் குறைவு.

நான் பார்த்த நிலவரம் இது. மேல்தளத்தின் அடிப்பகுதியில் சில இடங்களில் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பிகள் வெளியே தெரிகின்றன. வேதியியல் ஆய்வகத்தில் கழுவுதொட்டிகளும் எரிவாயுக் குழாய்களும் கழற்றப்படாமல் இருக்கின்றன. வேதிப்பொருள் அறையில் பெயர்ச்சீட்டு உதிர்ந்த புட்டிகள் சில கிடக்கின்றன. ஆனால் தூண்களில் விரிசல் தென்படவில்லை. அகலமான சன்னல்கள் வழியே நல்ல வெளிச்சம் வருகிறது. இதை மீண்டும் ஆய்வகமாகவே புதுப்பிக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1: கட்டமைப்புப் பொறியாளர்

பெயர்ந்த காரையைக் கண்டதும் கட்டடம் முடிந்துபோனது என்று எண்ணிவிட வேண்டாம். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு ஆண்டுக்கணக்கில் கான்கிரீட்டுக்குள் ஊடுருவும்போது அதன் காரத்தன்மை குறைகிறது. கம்பியைக் காத்து வந்த மெல்லிய படலம் அதனால் அழிந்து, ஈரம் பட்டவுடன் துரு ஏறுகிறது. இரும்பைவிடத் துருவுக்குக் கூடுதல் இடம் வேண்டியிருப்பதால், அது உப்பி வெளிக்காரையைத் தள்ளிவிடுகிறது. பாதிப்பு எவ்வளவு ஆழம் சென்றிருக்கிறது என்பதை அறிவது கடினமன்று. புதிதாக உடைத்த கான்கிரீட் பரப்பில் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தால், நலமான பகுதி இளஞ்சிவப்பாக மாறும். காரத்தன்மை இழந்த பகுதி நிறம் மாறாமல் நிற்கும். நிறம் மாறாத அந்தப் பட்டை கம்பிவரை எட்டிவிட்டதா என்பதே முக்கியமான கேள்வி.

மேல்தளத்தில் மட்டும் சேதம் இருப்பதாகச் சொல்கிறீர்கள். நீர் ஒழுகும் தளத்தில் இது வழக்கமாகக் காண்பதுதான். தூண்களிலும் உத்தரங்களிலும் மாதிரி எடுத்து வலிமையைச் சோதிக்காமல் இடிப்பதையோ காப்பதையோ பற்றி வாக்கெடுப்பு நடத்துவது சரியன்று. இன்னொன்றையும் குழுவிடம் சொல்லுங்கள். உலகின் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வில் ஏறக்குறைய 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் உற்பத்தியால் வருகிறது. நலமாக நிற்கும் எலும்புக்கூட்டை இடித்து அதே அளவில் மீண்டும் வார்ப்பதற்கு வலுவான காரணம் வேண்டும்.

பதில் 2: ஓய்வுபெற்ற ஆய்வகப் பொறுப்பாளர்

பொறியாளர் கூறியதை ஏற்கிறேன்; ஆனால் அவருடைய ஆட்கள் துளையிடும் கருவியுடன் உள்ளே நுழைவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அந்தப் பெயரற்ற புட்டிகளை யாரும் தொட வேண்டாம். மூடியைத் திருகிப் பார்க்கவும் வேண்டாம். பழைய ஆய்வகங்களில் புழங்கிய பிக்ரிக் அமிலம் அவற்றில் இருக்கலாம்; அதை எப்போதும் ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடந்து உலர்ந்துவிட்டால் அது வெடிபொருள். மூடியின் திருகுப் பள்ளத்தில் படிந்த மஞ்சள் படிகங்கள் உராய்ந்தாலே போதும். பழைய ஈதர் புட்டிகளிலும் காற்றுப்பட்டு, வெடிக்கக்கூடிய பெராக்சைடுகள் உருவாகியிருக்கலாம். அறையைப் பூட்டி, அபாயகரமான வேதிப்பொருள்களை அகற்ற உரிமம் பெற்றவர்களை அழையுங்கள்.

அடுத்தது பாதரசம். உடைந்த வெப்பமானிகளிலிருந்தும் அழுத்தமானிகளிலிருந்தும் சிந்தியது எங்கே போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? தண்ணீரைவிட 13.6 மடங்கு அடர்த்தி கொண்ட அது, கழுவுதொட்டிக்குக் கீழே வளைந்திருக்கும் குழாயிலும் தரைப்பலகை இடுக்குகளிலும் தங்கிவிடும். அறை வெப்பநிலையிலேயே நச்சு ஆவியாக மாறிக்கொண்டிருக்கும் என்பதால், பெருக்கிச் சுத்தம் செய்தோம் என்று சொல்வதில் பயனில்லை. எந்தக் குழாயைக் கழற்றினாலும் அடியில் தட்டு வைத்துக் கழற்றச் சொல்லுங்கள்.

மேசைப் பரப்புகள், நீராவிக் குழாய்களின் உறை, புகை வெளியேற்றும் பெட்டிகளின் உட்பலகை ஆகியவற்றில் கல்நார் (தூசியாக மூச்சில் சென்றால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ்) இருக்க வாய்ப்புண்டு. மாதிரி எடுத்துச் சோதித்து முடிவு வரும்வரை அவற்றை அறுக்கவோ துளையிடவோ உடைக்கவோ கூடாது. பெர்குளோரிக் அமிலம் சூடாக்கப்பட்ட புகைப்பெட்டி ஏதேனும் இருந்ததா என்று பழைய ஆசிரியர்களிடம் கட்டாயம் கேளுங்கள். அதன் குழாயில் படிந்திருக்கும் உப்புகள், கழற்றும்போது தட்டினாலே வெடிக்கக்கூடியவை. இயற்பியல் துறையில் கதிரியக்க மூலங்கள் இருந்தனவென்றால், அவை எங்கே ஒப்படைக்கப்பட்டன என்பதற்கான பதிவேடு வேண்டும். விலங்கியல் அருங்காட்சி அறையில் உயிரின மாதிரிகளைப் பதப்படுத்தி வைத்த பார்மலின் சாடிகளையும் கணக்கில் சேருங்கள்.

இவையெல்லாம் கட்டடத்தை இடித்தாலும் செய்ய வேண்டியவை. “இடித்தால் செலவு குறையும்” என்று கணக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் இதை மறந்துவிடுகிறார்கள்.

பதில் 3: கட்டடக் கலைஞர்

மீண்டும் வேதியியல் ஆய்வகமாக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இன்றைய ஆய்வகத்தில் மணிக்கு 6 முதல் 12 முறை காற்று முழுவதுமாக மாற்றப்பட வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. வெளியேற்றும் காற்றை மறுபடி உள்ளே விட முடியாது. அதற்கான குழாய்கள் செல்லத் தளத்துக்கும் தளத்துக்கும் இடையே போதிய உயரம் வேண்டும். பழைய கட்டடங்களில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. உத்தரங்களைத் துளைத்துக் குழாய் நுழைத்தால், பொறியாளர் காப்பாற்றியதை நாமே பலவீனப்படுத்துவோம்.

ஆனால் வகுப்பறை, கணினிக்கூடம், வாசிப்பறை, பட்டறை போன்றவற்றுக்கு இத்தகைய கட்டடம் மிகவும் ஏற்றது. ஆய்வக மேசைகளையும் கருவிகளையும் தாங்கிய தளம், எடையைச் சரிபார்த்துக்கொண்டால், புத்தக அலமாரிகளையும் தாங்கக்கூடும். 1874-இல் திறக்கப்பட்ட கேம்பிரிட்ஜின் பழைய கேவண்டிஷ் ஆய்வகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜே. ஜே. தாம்சன் 1897-இல் எலக்ட்ரானைக் கண்டறிந்த இடம் அது. இயற்பியல் துறை 1974-இல் நகருக்கு மேற்கே இடம்பெயர்ந்த பிறகும், பழைய கட்டடம் பல்கலைக்கழகத்தின் வேறு துறைகளுக்குப் பயன்பட்டு வருகிறது. லூயி கான் வடிவமைத்த பிலடெல்பியாவின் ரிச்சர்ட்ஸ் ஆய்வகமும் அப்படியே. வேதிப்பொருள் புழங்கும் ஆய்வுகளை விடுத்து, கணினியும் மேசையும் போதுமான ஆய்வுகளுக்கு அது மாற்றியமைக்கப்பட்டது.

எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி) 1943-இல் தற்காலிகமாகக் கட்டப்பட்டுப் பல கண்டுபிடிப்புகளுக்கு இடமளித்த 20-ஆம் எண் கட்டடம் 1998-இல் இடிக்கப்பட்டது. பெருமை மட்டுமே ஒரு கட்டடத்தைத் தாங்கி நிற்காது. சோதனை முடிவு தூண்கள் பலவீனம் என்று சொன்னால், கட்டடத்தை அளந்து, படமெடுத்து, ஆவணப்படுத்திவிட்டு விடைகொடுப்பதே முறை.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நிதி ஒதுக்கீட்டுக்கு இன்னும் நீண்ட காலம் ஆகும் என்கிறார்கள். அதுவரை பூட்டியே வைத்திருப்பது பாதுகாப்பானதா?

பதில் 1: கட்டமைப்புப் பொறியாளர்

பூட்டியே வைப்பதுதான் இருப்பவற்றுள் மோசமான வழி. ஆள் நடமாட்டம் இல்லாத கட்டடத்தில் ஒரு மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்டாலும் பல மாதங்களுக்கு எவரும் கவனிப்பதில்லை. தேங்கும் நீர் தளத்துக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். வேதிப்பொருள்களை அகற்றிய கையோடு எரிவாயுவையும் தண்ணீரையும் முதன்மைக் குழாயிலேயே துண்டியுங்கள். மேல்தள ஒழுகலை அடைத்து, வடிகால் வாய்களைச் சுத்தம் செய்யுங்கள். சன்னல்களை முழுவதும் அடைத்துவிடாமல் காற்றோட்டத்துக்கு வழி விடுங்கள். மாதம் ஒருமுறை ஒருவர் எல்லா அறைகளையும் சுற்றிப் பார்த்து, புதிய ஓதம் தெரியும் இடங்களைத் தேதியிட்டுக் குறித்து வரட்டும். இதற்கு ஆகும் தொகை பராமரிப்புச் செலவுக்குள் அடங்கிவிடும். பெரிய நிதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மூல வரைபடங்கள் கல்லூரியின் ஆவண அறையில் இருக்கின்றனவா என்பதையும் இப்போதே தேடத் தொடங்குங்கள். அவை கிடைத்தால் நாங்கள் துளையிட வேண்டிய இடங்கள் பாதியாகக் குறையலாம்.