டென்ஷன் இறங்கிய பிறகே எடையும் இறங்கியது: உங்களுக்கும் நேர்ந்ததுண்டா?

மல்லிகைப்பந்தல்
அப்பாவுக்கு பைபாஸ். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில்தான் எனக்குப் படுக்கை. காலையில் கேன்டீன் இட்லி இரண்டு, சாயங்காலம் ஒரு காபி. பல நாள் அதுவும் இறங்கவில்லை. நான்கு கிலோவாவது போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு ரயில் நிலையத்து எடை இயந்திரத்தில் ஏறினேன். விளக்குகள் சுழன்று அட்டை விழுந்தது: 71. அப்பாவைச் சேர்த்த அன்று வீட்டில் 69. அட்டையின் பின்புறம் ‘கவலைகள் தீரும்’ என்று அச்சடித்திருந்தது. பிளாட்பாரத்திலேயே அழுதுவிட்டேன். அப்பா வீடு திரும்பிய இரவுதான் ஒழுங்காகப் படுத்தேன். சிறுநீர் கழிக்க மட்டும் ஐந்து முறை எழுந்தேன். நான்காம் நாள் 68. அதற்குள் மூன்று வேளையும் சாப்பிடத் தொடங்கியிருந்தேன். இது என்ன கணக்கு?

பழைய பாஸ்புக்
சகோதரி, ஸ்டேஷன் இயந்திரத்தை நம்பியா அழுதீர்கள்? தின்றதை எழுதி வைத்தீர்களா? நானும் மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் ‘சாப்பிடவே நேரமில்லை’ என்றுதான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். 31-ஆம் தேதி இரவு மேஜை டிராயரைத் திறந்தால் காரச்சேவு டப்பா காலி. ஒரு கிலோ, வாங்கி மூன்றே நாள். தின்ற நினைவே இல்லை. டென்ஷனில் சுரக்கும் கார்ட்டிசோல் ஹார்மோன்தான் எடையைக் கூட்டுகிறது என்பார்கள். கார்ட்டிசோல் தின்னவில்லை, என் கைதான் தின்றது.

இரவுப்பணி
அந்தக் கையை டப்பாவுக்குள் விட்டது எது சார்? நூற்பாலையில் பதினோரு வருடம் இரவு ஷிப்ட் பார்த்தவன் நான். வீட்டில் கொடுத்தனுப்பிய கம்பங்கூழ் தூக்குவாளியில் அப்படியே இருக்க, விடிகாலை நான்கு மணிக்கு மூன்றாவது பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அது பசியே இல்லை.

2010-இல் சிகாகோ பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வைத் தேடிப் படியுங்கள். எடை கூடிய பத்துப் பேருக்கு அளவு குறைத்த ஒரே மாதிரி உணவு. ஒரு சுற்றில் இரண்டு வாரம் எட்டரை மணி நேரப் படுக்கை, மற்றொன்றில் ஐந்தரை. இரண்டிலும் ஏறக்குறைய மூன்று கிலோ குறைந்தது. ஆனால் அதில் கொழுப்பு, நன்றாகத் தூங்கியபோது 1.4 கிலோ, தூக்கம் குறைந்தபோது 0.6 தான். ஆகவே சகோதரி, மதியத்துக்குப் பிறகு காபியை விடுங்கள். ஜன்னலுக்குக் கனத்த திரை போடுங்கள். செல்போனைச் சமையலறையில் வைத்துவிட்டுப் படுங்கள். தினமும் எடை பார்க்காதீர்கள், வாரம் ஒருமுறை போதும். கீரை...

வாடகைவீடு
அவர் ஆலோசனையா கேட்டார்?

கார்ட்டிசோலின் வேலையைச் செய்யும் பிரட்னிசோலோனை மூட்டுவலிக்காக மாதக்கணக்கில் விழுங்கியவள் நான். கை கால் குச்சி, வயிறும் பிடரியும் மட்டும் பருத்தன. முகம் பூரியாக உப்பியது. ஒரு நாள் கண்டக்டர் பஸ் பாஸ் போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பாஸ்புக் சார் சொல்வதும் பொய்யில்லை. இரவு இரண்டு மணிக்குச் சோற்றுப் பானையைத் துழாவியிருக்கிறேன். ஆனால் உடம்பில் நீரும் கோத்திருந்தது. டாக்டர் மாத்திரையைப் படிப்படியாகத்தான் குறைத்தார். யாரும் தாமாக நிறுத்திவிடாதீர்கள்.

பழைய பாஸ்புக்
1944-45-இல் மின்னசோட்டாவில் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார்கள். எடையில் கால்வாசி போயிற்று. பட்டினியில் இளைக்காதவர் யார்? அவர்களுக்கும் கால் வீங்கி நீர் கோத்தது, அதனால் தராசு முழு இழப்பையும் காட்டவில்லை என்பதும் உண்மைதான். அந்த அளவுக்கு வாடகைவீடு சகோதரியின் பேச்சை ஒப்புக்கொள்கிறேன். காரச்சேவு விஷயத்தில் இல்லை.

மல்லிகைப்பந்தல்
எழுதி வைக்கவில்லை சார். அந்தப் பத்தொன்பது நாளும் புறங்காலில் செருப்பு வார் அழுந்திய தடம் இருந்தது, அது நினைவிருக்கிறது. நாளை அப்பாவுக்கு செக்கப். நேற்றிலிருந்து செருப்பு மறுபடியும் இறுக்குகிறது.