நம்ம வீட்டுக் குழு: ஞாயிறு பிச்சாவரம்

கவி: ஞாயிற்றுக்கிழமை பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போகலாமா? பிள்ளைகள் படகு, படகு என்று உயிரை எடுக்கிறார்கள்.

சிதம்பரம் அத்தை: போகலாம்டா. வெயில் ஏறுவதற்குள் கிளம்ப வேண்டும்.

கிள்ளை மாமா: வெயிலை விடக் கடல்நீரின் ஏற்றம் வற்றம் முக்கியம். வற்றத்தில் போனால் உள் வாய்க்கால்களில் படகு சேற்றில் தட்டும்.

கவி: போன மாதம் போனவர்கள் காலை எட்டு மணி சரியாக இருந்தது என்றார்களே மாமா?

கிள்ளை மாமா: அது போன மாதம். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். தினமும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும். படகுக்காரரிடம் கேட்டுக்கொள்.

பிரபு: மாமா, பையனுக்குப் புவியியல் செயல்திட்டம் இருக்கிறது. அது ஆறா, கடலா?

கிள்ளை மாமா: இரண்டும் கலந்தது. வடக்கே வெள்ளாறு, பரங்கிப்பேட்டையில் கடலில் சேர்கிறது. தெற்கே கொள்ளிடம். நடுவில் உப்பனாறும் கிளை வாய்க்கால்களும். கடல்நீர் முகத்துவாரம் வழியாக ஏறி வரும். வயல்களின் வடிகால் தண்ணீர் கான்சாகிப் வாய்க்காலில் இறங்கி வரும். அதனால் மழைக்காலத்தில் உப்பு குறையும், கோடையில் ஏறிவிடும்.

சித்தி: நான் சின்ன வயதில் பார்த்தபோது காட்டுக்குள் பல இடம் மொட்டையாக இருந்தது. இப்போது ஒரே பச்சை. மரம் நட்டார்களா மாமா?

கிள்ளை மாமா: நட்டதை விட வெட்டியதுதான் பெரிய வேலை, வாய்க்காலைச் சொல்கிறேன். 1970கள் வரை அரசே பகுதி பகுதியாக மரத்தை மொத்தமாக வெட்டியது. நிழல் போனதும் சேறு காய்ந்து, தரை அமுங்கிப் பள்ளமானது. ஏற்றத்தில் உள்ளே வந்த நீர் வற்றத்தில் வெளியேற வழியில்லை. அங்கேயே தேங்கி, ஆவியாகி, உப்புதான் மிஞ்சியது. அதில் எந்த விதை பிழைக்கும்?

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறை, ஊர்மக்கள் எல்லாரும் சேர்ந்து இறங்கினார்கள். நடுவே ஒரு பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகக் கிளைகள், மீன்முள் மாதிரி. நீர் போய்வர ஆரம்பித்ததும் உப்பு கழுவிப்போனது. அப்புறம்தான் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் கன்று நின்றது.

பிரபு: இதையே செயல்திட்டமாக எழுதச் சொல்கிறேன்!

சிதம்பரம் அத்தை: சுனாமி வந்தபோது இந்தக் காடு காப்பாற்றியது என்பார்களே.

கிள்ளை மாமா: ஆமாம்மா. 2004இல் கடலோர மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால் எல்லாம் அடிவாங்கின. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு.

கவி: பிள்ளைகளுக்கு எதைக் காட்டட்டும் மாமா?

கிள்ளை மாமா: சுரபுன்னை என்ற இன்னொரு அலையாத்தி மரத்தில் காய் மரத்திலேயே முளைவிட்டு, பச்சைக் குச்சியாகத் தொங்கும். வெண்கண்டல் அடியில் சேற்றைக் குத்திக்கொண்டு விரல் உயரத்துக்கு மூச்சுவேர்கள் நிற்கும். இருளர்கள் கழுத்தளவு நீரில் வேர்களுக்குள் கைவிட்டுத் தடவியே இறால் பிடிப்பார்கள். அவர்கள் பக்கத்தில் படகை வேகமாக விடச் சொல்லாதே.

சித்தி: தில்லை மரத்தைத் தொட விடாதே கவி. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

கவி: சரி சித்தி. மாமா, நீங்களும் வாங்களேன்.

கிள்ளை மாமா: வருகிறேன். கோடையில் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருக்கும், கொள்ளிடத்திலும் தண்ணீர் இருக்காது. இப்போது எவ்வளவு அடைத்திருக்கிறது என்று நானும் பார்க்க வேண்டும்.