நெப்பந்தஸ் ராஜா குடுவை விட மாட்டேங்குது, மொட்டு கருகுது, அவசரம்!!

இலைநுனி88:
எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட நெப்பந்தஸ் ராஜா இருக்கு, பூச்சி பிடிக்கற குடுவைச் செடி, வாங்கும்போது ரெண்டு குடுவை இருந்துச்சு, அது காஞ்சு போச்சு, அதுக்கப்புறம் ஒண்ணு கூட வரல. இலை மட்டும் நல்லா பச்சையா வந்துகிட்டே இருக்கு, ஒவ்வொரு இலை நுனியிலயும் கம்பி நீளுது, அதோட முனையில மொட்டு மாதிரி வருது, அப்புறம் அப்படியே கறுத்து சுருங்கிடுது. வேர் கூட கறுப்பா இருக்கு. நெட்ல சொன்ன மாதிரி எல்லாமே கரெக்டாதான் பண்றேன். சீக்கிரம் யாராவது சொல்லுங்க ப்ளீஸ்

பாசிப்பெட்டி:
எல்லாமே கரெக்ட்னா எது எது? என்ன தண்ணி, தொட்டியில என்ன கலவை, வெளிச்சம் எப்படி, ராத்திரி எவ்ளோ டிகிரி? போட்டோவும் போடுங்க, முழு செடி, இலையோட அடிப்பக்கம், பழைய குடுவை இருந்தா அதுவும்.

ஈரக்காத்து:
ஹியூமிடிட்டி கம்மி. அவ்ளோதான், வேற எதுவும் யோசிக்காதீங்க. மொட்டு கறுத்தாலே ஈரப்பதம் இல்லைன்னு அர்த்தம். தொட்டியோட சேத்து ஒரு பெரிய கண்ணாடி கவர்ல போட்டு வாயைக் கட்டிடுங்க, குடுவை தானா வரும்.

டிடிஎஸ்_மீட்டர்:
கவரெல்லாம் அப்புறம், முதல்ல தண்ணி. இந்தச் செடிங்க சத்தே இல்லாத இடத்துல பொழைக்கப் பழகினது, அதனாலதான் பூச்சியைப் பிடிச்சு சாப்பிடுது. உப்பு தண்ணி ஊத்தினா வேர்ல படிஞ்சு நுனியில இருந்து கருக ஆரம்பிக்கும். டிடிஎஸ், அதாவது தண்ணியில கரைஞ்சிருக்கற உப்போட அளவு, 50க்கு கீழ இருக்கணும். மழைத் தண்ணி, ஆர்ஓ, டிஸ்டில்டு, இந்த மூணுல ஒண்ணு. என்ன ஊத்தறீங்க?

வேர்வைத்தியர்:
வேர் கறுப்புன்னு சொல்றாரே யாரும் கவனிக்கலையா? அழுகிடுச்சு. கறுப்பு வேர் எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சிட்டு பங்கஸ் மருந்து வையுங்க. லேட் பண்ணாதீங்க.

மழைத்தொட்டி:
ஐயோ வெட்டிடாதீங்க!! நெப்பந்தஸ் வேர் இயல்பாவே கறுப்பு இல்ல கரும்பழுப்புதான், மெல்லிசா, தொட்டா ஒடியும். விரல்ல லேசா நசுக்கிப் பாருங்க, கொழகொழன்னு ஆனாதான் அழுகல்.

மூத்தகொடி:
வாரத்துக்கு ஒருத்தர் ராஜா ராஜான்னு வந்துடறாங்க. தம்பி, நெப்பந்தஸ் ராஜா போர்னியோவுல கினபாலு மலை, பக்கத்துல தம்புயுகோன் மலை, இந்த ரெண்டு இடத்துல மட்டும்தான் இயற்கையா வளருது. சுமார் 1500 மீட்டர்ல இருந்து 2650 மீட்டர் உயரம். பகல்ல 25 டிகிரி பக்கம், ராத்திரி 15க்கும் கீழ இறங்கணும், அதுவும் தினமும். அந்த ராத்திரிக் குளிர் இல்லாம மேட்டுநில இனங்க கொஞ்ச கொஞ்சமா செத்துடும். அடிப்படை தெரியாம அரிய செடியை வாங்கறது, அப்புறம் அவசரம்னு கத்தறது. முதல்ல வெண்ட்ராட்டான்னு சாதாரண குடுவைச் செடி ஒண்ணு இருக்கு, அதை உருப்படியா வளத்துக் காட்டுங்க, அப்புறம் ராஜா பத்திப் பேசலாம்.

இலைநுனி88:
சார் அந்தக் குளிர் மேட்டர் தெரிஞ்சுதான் வாங்கினேன். ராத்திரி ஃபுல்லா ஏசி ரூம்ல 18ல வச்சிருக்கேன், செடிக்காக வீட்ல எல்லாரும் போர்வை போத்திட்டு தூங்கறோம். பகல்லயும் அதே ரூம்தான், ஜன்னல் பக்கம், வெயில் சுடக்கூடாதுன்னு திரை போட்டிருக்கேன். தண்ணி போர் தண்ணி. கலவை தொட்டி மண்ணு, வேகமா வளரட்டும்னு மண்புழு உரம் கலந்தேன். போட்டோ மூணு போட்டிருக்கேன்.

டிடிஎஸ்_மீட்டர்:
போர் தண்ணி!! சொன்னேனா இல்லையா.

ஈரக்காத்து:
ஏசி!! சொன்னேனா இல்லையா. காத்துல இருக்கற ஈரத்தையெல்லாம் அதுதான் உறிஞ்சி வெளிய தள்ளுது.

பாசிப்பெட்டி:
ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்க. போட்டோ பாத்தேன். ப்ரோ, இது ராஜா மாதிரியே இல்லையே? ராஜா குடுவைன்னா குண்டா, சிவப்பா, மூடி பெரிய குடை கணக்கா கவிஞ்சு நிக்கும், வாய் விளிம்பு அகலமா அலை அலையா இருக்கும். உங்க மூணாவது போட்டோல காஞ்சு கிடக்கற குடுவையப் பாருங்க, ஒல்லியா, நடுவுல இடுப்பு பிடிச்ச மாதிரி ஒடுங்கி, மூடி சின்னதா இருக்கு. இலையும் நீளமா பட்டையா இருக்கு. இந்தக் கொடி வாங்கினப்புறம் எவ்ளோ நீண்டுச்சு?

இலைநுனி88:
ஒரு முழம் தாண்டிடுச்சு. குச்சி நட்டு கட்டி வச்சிருக்கேன்

மூத்தகொடி:
அப்போ ராஜாவே இல்லை. ராஜா இலையில கம்பி நுனியில இருந்து கிளம்பாது, நுனிக்கு கொஞ்சம் முன்னாடியே இலையோட அடிப்பக்கத்துல இருந்து கிளம்பும். உங்க ரெண்டாவது போட்டோல நேரா நுனியில இருந்து வருது. விஷயம் முடிஞ்சது.

மழைத்தொட்டி:
முடிவு சரிதான், ஆனா காரணம் அரைகுறை அண்ணே. அந்த அடையாளம் நல்லா வளர்ந்த செடியிலதான் தெளிவா தெரியும், சின்னதுல ஏமாத்தும். அதே மாதிரி வேற சில இனத்துலயும், முதிர்ந்த செடின்னா, கம்பி நுனிக்கு கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கும். கிளிப்பியாட்டாங்கற இனத்துல ராஜாவை விட அதிகமாவே தெரியும். அதனால ஒத்தை அடையாளத்த வச்சு தீர்ப்பு சொல்ல முடியாது. இங்க வேகம்தான் பெரிய சாட்சி. ராஜா நல்ல நிலைமையிலயே பூக்கற பருவத்துக்கு வர பத்து வருஷம் பக்கம் ஆகும், சின்னதுல தரையோட தரையா வட்டமா உக்காந்திருக்கும், இப்படி குச்சி கேக்காது. இடுப்பு ஒடுங்கின குடுவை, வேகமான கொடி, பட்டை இலை, எல்லாம் சேத்துப் பாத்தா வெண்ட்ராட்டான்னு தோணுது. வெண்ட்ரிகோசா, அலாட்டாங்கற ரெண்டு இனம் சேந்த கிராஸ், உலகம் பூரா அதிகமா விக்கறதுல அதுவும் ஒண்ணு.

நிழல்வலை:
மூத்தகொடி அண்ணே வெண்ட்ராட்டா வளத்துக் காட்டச் சொன்னாரு, ஆள் ஆல்ரெடி அதைத்தான் வளத்துகிட்டு இருக்காரு 😂

மூத்தகொடி:
பெயர் தெரியாம வளர்ப்பது வளர்ப்பு ஆகாது.

காட்டுவழி:
சந்தோஷப்படுங்க ராஜா இல்லன்னு. ராஜாவும் நம்ம மேகாலயாவுல இருக்கற காசியானா இனமும் சைட்டிஸ், அதாவது அழியற உயிரினங்களோட சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தற ஒப்பந்தம், அதோட முதல் பட்டியல்ல இருக்கு, காட்டுல பிடுங்கி வியாபாரம் பண்ணவே கூடாது. மத்த நெப்பந்தஸ் எல்லாம் ரெண்டாம் பட்டியல். இந்த அரிய இனம் மோகமே தப்பு, யாரும் வாங்கக் கூடாது.

நிழல்வலை:
அது எப்படி யாரும் வாங்கக் கூடாதுங்கறீங்க? டிஷ்யூ கல்ச்சர்ல, அதாவது சின்ன திசுவுல இருந்து ஆய்வுக்கூடத்துல பெருக்கின செடிய வாங்கினா காட்டுக்கு என்ன நஷ்டம்? சட்டமே செயற்கையா பெருக்கினதை தனியாத்தான் பாக்குது, முதல் பட்டியல் இனமா இருந்தாலும் ரெண்டாம் பட்டியல் மாதிரி நடத்துவாங்க, பேப்பர் மட்டும் சரியா இருக்கணும். கல்ச்சர் செடி தாராளமா கிடைச்சாதான் பிடுங்கறவனுக்கு தொழில் படுக்கும்.

காட்டுவழி:
புத்தகத்துல நல்லாதான் இருக்கு. கிளிப்பியாட்டா இந்தோனேசியாவோட மேற்கு கலிமந்தான்ல கெலாம்ங்கற ஒத்தைப் பாறை மலையில மட்டும் இருக்கற செடி, அதை அழிவு விளிம்புக்குத் தள்ளினதுல சேகரிக்கறவங்க பங்கு என்னன்னு தேடிப் பாருங்க. லேபிள்ல கல்ச்சர்னு எழுத யாருக்கும் செலவு இல்ல.

மழைத்தொட்டி:
செடியப் பாத்தே ஓரளவு சந்தேகப்படலாம். கல்ச்சர் செடி பெரும்பாலும் சின்னதா, ஒரே அளவா, தழும்பு இல்லாம வரும். தடியான முத்தின தண்டு, வெட்டின வேர், பூச்சி கடிச்ச பழைய இலை, மேல ஒட்டின பாசி, இதோட பெரிய சைஸ்ல "அரிய செடி"ன்னு வந்தா விலகிடணும். விதை விக்கறவங்க கிட்ட இன்னும் ஜாக்கிரதை. நெப்பந்தஸ் விதை நூல் மாதிரி மெல்லிசா இருக்கும், சீக்கிரம் முளைக்கற சக்தி போயிடும். நீலக் கலர் குடுவைன்னு படம் போட்டு உருண்டை விதை அனுப்பறவன் என்ன விதை அனுப்பறான்னு அவனுக்கே தெரியாது.

பூச்சிப்பிரியன்:
ராஜா எலி சாப்பிடும்ங்கறதுனாலதானே எல்லாருக்கும் மோகம்?

பாசிப்பெட்டி:
எலி செத்துக் கிடந்தது எப்பவாவது பாத்திருக்காங்க, 1862லயே எழுதியும் வச்சிருக்காங்க. குடுவை 3 லிட்டருக்கு மேல பிடிக்கும், விழுந்தா ஏற முடியாது. ஆனா அதோட முக்கிய வேலை வேற. மூடியோட உள்பக்கம் இனிப்பா சுரக்கும், மர மூஞ்சூறு வந்து குடுவை வாய் மேல உக்காந்து அதை நக்கும், நக்கிட்டே உள்ள கழிச்சிட்டுப் போயிடும், செடிக்கு நைட்ரஜன் கிடைச்சாச்சு. மூடிக்கும் வாய்க்கும் இருக்கற தூரம் கூட அந்த மூஞ்சூறு உடம்பு நீளத்துக்குப் பொருந்தற மாதிரி இருக்கு. லோவிங்கற இன்னொரு நெப்பந்தஸ் இனமும் அப்படித்தான்.

காட்டுவழி:
பேச்சை மாத்தாதீங்க, பேப்பர் கேட்டு வாங்கறவங்க இங்க எத்தனை பேர்? நிழல்வலை, உங்க கிட்ட இருக்கா?

நிழல்வலை:
இருக்கு. உங்களுக்குக் காட்டணும்னு அவசியம் இல்ல.

மழைத்தொட்டி:
சண்டையை தனியா வச்சுக்கோங்கப்பா, கேட்டவரு பாவம். இலைநுனி, உங்க செடிக்கு வருவோம். ராஜாவுக்குன்னு நீங்க பண்ணின வேலைதான் இதுக்கு எதிரா நிக்குது. வெண்ட்ராட்டாவுக்கு ஏசி வேண்டாம், சாதாரண ரூம் சூடே போதும், அந்த வறண்ட காத்துலதான் மொட்டு காயுது. திரையை எடுங்க. நல்ல வெளிச்சம் வேணும், காலை இளவெயில் பட்டா ரொம்ப நல்லது, உச்சி வெயில் மட்டும் வேண்டாம். வெளிச்சம் கம்மி, மண்ணுல சத்து ஜாஸ்தின்னா இலை மட்டும் தளதளன்னு வரும், பூச்சி பிடிக்கற அவசியமே இல்லைன்னு செடி குடுவையை விட்டுடும். அதனால அந்தக் கலவையில இருந்து எடுத்து, வேரை ஒடிக்காம நல்ல தண்ணியில அலசி, நீள நார் ஸ்பாக்னம் பாசியும் பெர்லைட்டும் (லேசான வெள்ளைக் கல் துகள்) கலந்து நடுங்க. ஈரமா இருக்கணும், தட்டுல தண்ணி தேங்கி நிக்கக் கூடாது. மாத்தி நட்டதும் கொஞ்ச நாள் முறைச்சிகிட்டு நிக்கும், அதுக்காக மறுபடி தோண்டாதீங்க.

ஈரக்காத்து:
கவர்?

மழைத்தொட்டி:
வாயைக் கட்டி வெளிச்சத்துல வச்சா உள்ள வெந்துடும். மாத்தி நட்ட புதுசுல வேணும்னா தளர்வா போட்டு, தினம் கொஞ்சம் கொஞ்சமா திறந்து பழக்கலாம். கருகின மொட்டு திரும்பி உயிர் வராது, புதுசா வர்ற இலையைத்தான் பாக்கணும்.

வேர்வைத்தியர்:
பங்கஸ் மருந்து ஒரு தடவை வச்சா தப்பில்ல, நான் என் கருத்தைச் சொல்லிட்டேன்.

இலைநுனி88:
டிடிஎஸ் பாத்தேன் 410. மழைத் தண்ணி பிடிச்சு ஊத்தறேன், பாசியில நட்டாச்சு. புது இலையில மொட்டு கறுக்கல, கொஞ்சம் வீங்கிருக்கு. வித்தவர்கிட்ட லேபிள் பத்தி கேட்டேன், ப்ளாக் பண்ணிட்டாரு. நன்றி எல்லாருக்கும்

டிடிஎஸ்_மீட்டர்:
410. நான் வேற எதுவும் சொல்லல.

மூத்தகொடி:
லேபிளை மாற்றி எழுதுங்கள். அலாட்டா என்றும் எழுதாதீர்கள், பல வருஷம் அந்தப் பெயரில் சுற்றியதில் பலதும் கிராசிலிஃப்ளோரா என்ற வேறு இனம்.

நிழல்வலை:
அது இன்னும் எல்லாரும் ஒத்துக்கல அண்ணே.

மூத்தகொடி:
யார் ஒத்துக்கொள்ளவில்லை? சொல்லுங்கள்.