ஆர்.டி. லேங் வழியில் வந்த மருத்துவரும் நாங்களும்

எங்கள் அக்காவுக்கு ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய் என்று சொல்லி 16 வருடம் ஆகிறது. ஆர்.டி. லேங் என்ற பெயரை நான் முதலில் கேட்டது, அவளைக் காட்டப் போன மூன்றாவது மனநல மருத்துவரிடம். அதுவரை பார்த்தவர்கள் எல்லாரும் எங்களிடம்தான் பேசுவார்கள். தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா, மாத்திரையைத் துப்புகிறாளா என்று கேட்பார்கள், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். இவர் நேராக அவளைப் பார்த்து, உன் காதில் கேட்கும் குரல்கள் இப்போது என்ன சொல்கின்றன என்று கேட்டார். இரண்டு மாதமாக வாயே திறக்காதவள், ரொம்ப நேரம் கழித்து, "ஃபேனை நிறுத்தச் சொல்றாங்க" என்றாள். அவர் எழுந்து போய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அப்புறம் முக்கால் மணி நேரம் பேசினாள். வியர்த்துக் கொட்ட நாங்கள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இதை லேங்கிடமிருந்து கற்றுக்கொண்டதாக அவரே சொன்னார். 1927-ல் கிளாஸ்கோவில் பிறந்தவர் லேங். பிரிட்டிஷ் ராணுவத்தில் மனநல மருத்துவராக இருந்துவிட்டு மனநோய் மருத்துவமனை வேலைக்கு வந்தவர். 1960-ல் வந்த முதல் புத்தகத்திலேயே, பைத்தியக்காரப் பேச்சு என்று நாம் தள்ளிவிடுவதை உட்கார்ந்து கேட்டால் அதற்குள் அர்த்தம் இருக்கிறது என்று எழுதியவர். என் அக்கா விஷயத்தில் அது அப்படியே உண்மை.

அடுத்த தடவை அந்த மருத்துவர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார். வெளியே வந்த அம்மாவின் முகத்தில் உயிரே இல்லை. "சின்ன வயசுலேருந்து நான் அவளைப் பேசவே விடலையாம்டா" என்று மட்டும் சொன்னார். இதுவும் லேங் வழிதான். 1964-ல் அவரும் ஆரன் எஸ்டர்சனும் இந்த நோய் என்று சொல்லப்பட்ட பெண்கள் உள்ள 11 குடும்பங்களைப் பற்றிப் புத்தகம் போட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நோய் இல்லாத ஒரு குடும்பம்கூட அதில் கிடையாது. குடும்பம்தான் நோய்க்குக் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை என்று பின்னால் வந்த பதிப்பின் முன்னுரையில் விளக்கம் கொடுத்தார்கள். அந்த விளக்கத்தை எங்கள் அம்மாவிடம் சொல்ல ஆள் இல்லை. கடைசிவரை அவர் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் என் முகத்தைப் பார்ப்பார், பேசலாமா என்று. லேங்கைப் பற்றி யாராவது புகழ்ந்தாலும் திட்டினாலும் எனக்கு அந்தப் பார்வைதான் நினைவுக்கு வரும்.

*

நான் மனநல வார்டில் 22 வருடம் நர்ஸாக இருந்தவள். மேலே எழுதிய தம்பிக்குச் சொல்கிறேன், உங்கள் அம்மா மாதிரி நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பழியை அவர்கள் சுமந்திருக்கவே கூடாது.

ஆனால் லேங் 1950-களில் கிளாஸ்கோவின் கார்ட்நேவல் மருத்துவமனையில் செய்த காரியத்தை என்னால் விட்டுக்கொடுக்க முடியாது. வருடக்கணக்காக வார்டில் கிடந்த 12 பெண்களை எடுத்து, பகல் முழுக்க ஒரு நல்ல அறையில், இரண்டே நர்ஸ்களோடு இருக்கவிட்டார்கள். செய்வதற்குத் தையல், சமையல் மாதிரி வேலைகள். இரண்டாவது நாளே, கதவு திறப்பதற்கு முன்னால் அந்தப் பெண்கள் வாசலில் கூடி நின்று பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்களாம். ஒன்றரை வருடத்தில் 12 பேரும் வீட்டுக்குப் போனார்களாம். அடுத்த ஒரு வருடத்துக்குள் 12 பேரும் திரும்பி வந்தார்களாம்.

என் வார்டில் ஒரு அம்மா யாரையும் தொட விடமாட்டார். நான் தினமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் தலையை நானே வாரிக்கொள்வேன், வேறு ஒன்றும் செய்யமாட்டேன். நாலாவது வாரம் என் கையிலிருந்த சீப்பை வாங்கி என் பின்னலைப் பிரித்துத் திரும்பப் பின்னிவிட்டார். ஆறு மாதத்தில் வீட்டுக்குப் போனார், மூன்றே மாதத்தில் திரும்பி வந்தார். வீட்டில் அவரிடம் யாரும் ஒரு வேலைகூடக் கொடுக்கவில்லை, பக்கத்தில் உட்காரவும் இல்லை. அதற்காக அந்த வீட்டுக்காரர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். அவர்களுக்கும் யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை, டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பியதோடு சரி.

*

இதுவரை குடும்பத்துக்காரர்கள், நர்ஸ் எழுதியிருக்கிறீர்கள். நான் நோயாளி.

கல்லூரியில் படிக்கும்போது லேங்கை வெறியோடு படித்தேன். 1965-லிருந்து 1970 வரை கிழக்கு லண்டனில் லேங்கும் அவர் கூட்டாளிகளும் நடத்திய கிங்ஸ்லி ஹால் என்ற கட்டிடத்தில் மருத்துவர், நோயாளி என்ற வித்தியாசமே பார்க்காமல் எல்லாரும் ஒன்றாகத் தங்கியிருந்தார்கள். மேரி பார்ன்ஸ் என்ற நர்ஸ் அங்கே நோயாளியாக வந்து, கைக்குழந்தை நிலைக்கே போய்ச் சுவரில் மலத்தைப் பூசியவர், பிறகு ஓவியராக வெளியே வந்தார். நானும் நோய்க்குள் அப்படி ஒரு பயணம் போய்த் திரும்பப் போகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன். ஐந்தாவது வாரம் கண்ணாடிகளை எல்லாம் துணி போட்டு மூடினேன். அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. மேரி பார்ன்ஸுக்குப் பக்கத்தில் ராத்திரி பகல் ஆள் இருந்தது. என் அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

லேங்கே கடைசியில் குடியில் சிக்கினார். குடித்த நிலையில் ஒரு நோயாளியிடம் நடந்துகொண்டது பற்றிய புகாரில் 1987-ல் மருத்துவப் பதிவேட்டிலிருந்து பெயரை விலக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. இரண்டு வருடத்தில் டென்னிஸ் ஆடும்போது மாரடைப்பில் போய்விட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. என்னை மனுஷனாக நினைத்து எழுதிய முதல் மருத்துவர் அவர். இன்றைக்கும் காலையில் மாத்திரை போட்டுக்கொண்டுதான் அவரைப் படிக்கிறேன். நர்ஸம்மா, நீங்கள் சீப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை மூன்று தடவை படித்துவிட்டேன். அந்த அம்மா இப்போது எங்கே இருக்கிறார்?