பேசாத பிள்ளைக்கு உதவக்கூடியவர்கள் யாரும் இருக்கிறீர்களா?

வணக்கம் உறவுகளே. கொழும்பில் ஒரு சிறுவர் இல்லத்தில் ஞாயிறுதோறும் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே எட்டு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். ஐந்து மாதங்களில் அவன் குரலை ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. பாடசாலையிலும் அப்படித்தானாம். ஆனால் இரவில், பக்கத்துக் கட்டிலில் படுக்கும் சின்னவனுக்கு மட்டும் மெதுவாகக் கதை சொல்வானாம். காலி வீதியில் ஓடும் 100 ஆம் இலக்க பஸ்ஸைக் கொப்பியில் வரைந்து, பாணந்துறை முதல் புறக்கோட்டை வரை ஊர்களை வரிசை பிசகாமல் எழுதியிருக்கிறான்.

செவிப்புலன் சோதித்தாகிவிட்டது, குறையில்லை. சிலர் பிடிவாதம் என்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. ஓரிடத்தில் பேசும் பிள்ளைக்கு இன்னோரிடத்தில் வாய் திறக்க முடியாமல் போவது பதற்றத்தால் வரும் நிலை. வற்புறுத்தினால் அது கூடும்.

தமிழில் பழகும் பேச்சுச் சிகிச்சையாளர், சிறுவர் உளநல வைத்தியர் யாரையாவது தெரியுமா? வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் என்றால் நல்லது. பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் போனவர்கள், கடிதம் வேண்டுமா என்று சொல்லுங்கள். இல்லங்களில் வளர்ந்தவர்களே, உங்களை முதலில் பேசவைத்தது எது? பிறந்தநாள் கேக்கோடு ஒருநாள் வந்து படமெடுத்துப் போகிறவர்கள் நிறையப் பேர். அவனுக்குத் தேவை, வாரம் தவறாமல் வருகிற ஒருவர். அவன் பெயரையும் படத்தையும் தயவுசெய்து கேட்காதீர்கள்.