புதுப்பிப்பு: அம்மா பாடிய கேசட், குரல் தெளிவாகிவிட்டது

பெரம்பூர் சபைப் பாடகர் குழுவில் அம்மா பாடிய பழைய கேசட்டில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கலாக இருக்கிறது, முதலாண்டு நினைவு ஆராதனைக்குள் சரிசெய்ய முடியுமா என்று இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

டேப் ரெக்கார்டரில் நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்தும் மாற்றமில்லை. நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னக் கம்பளித் துண்டு விழுந்திருக்கும் என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் சரி. பசை காய்ந்து உள்ளே ஓரமாகக் கிடந்தது. திருகாணி வைத்த வேறொரு கேசட்டைப் பிரித்து, அம்மாவின் நாடாச் சுருளை அதற்குள் மாற்றினேன். அவ்வளவுதான், ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ரிச்சி தெருவில் வாங்கிய வயரை ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்குப் போட்டு வேவ் கோப்பாகப் பதிந்தேன். ஆராதனையில் ஒலித்தபோது குழுவின் பழைய ஆட்கள் கூடவே பாடினார்கள்.

எதிர்பாராதது கேசட்டின் மறுபக்கம். பெண்கள் ஐக்கியத்தில் அம்மா ஏறெடுத்த ஜெபம். தெருவில் உடம்பு சரியில்லாதவர்களை ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டு, “அவருக்கு நைட் ஷிப்ட், நல்லா தூங்கணும் ஆண்டவரே” என்று அப்பாவுக்காக வேண்டுகிறார். அதை அப்பாவுக்கு மட்டும் கொடுத்தேன். அதனால் இரண்டு பக்கமும் கணினியில் பதியுங்கள். கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளையும் முதலில் உடைத்துவிடுங்கள். கைதவறி மேலே பதிவாகாது.