எச்சில் கார்டிசால் டெஸ்ட்: சென்னையில் எந்த லேப்?

எங்கள் ஆய்வில் எஸ்சிட்டலோபிராம் (மனச்சோர்வு, பதற்றத்துக்கான மருந்து) தொடங்குபவர்களுக்கு எச்சிலில் கார்டிசால் (மன அழுத்த ஹார்மோன்) பார்க்க லேப் தேவை. அடையாறு, வேளச்சேரி பக்கம் என்றால் ரொம்ப நல்லது. முதல் டோஸ்களில் கார்டிசால் ஏறலாம். வாரக்கணக்கில் தொடர்ந்தால் பலருக்கு அது தணியும். அதனால் மருந்துக்கு முன்பு ஒருமுறை, 8 வாரம் கழித்து ஒருமுறை எடுக்கிறோம்.

கண் விழித்ததும் ஒரு மாதிரி, பிறகு 30, 45 நிமிடத்தில். அதுவரை பல் துலக்கக் கூடாது. ஈறு ரத்தம் கலந்தால் அளவு பொய்யாக ஏறும். காபியும் கூடாது, நம்ம ஊரில் இதுதான் பெரும்பாடு! ஸ்டீராய்டு இன்ஹேலர், க்ரீம் பயன்படுத்துபவர்களைச் சேர்க்கவில்லை.

ரத்த டெஸ்ட் வேண்டாம். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அதில் மொத்த கார்டிசால் அளவு (ரத்தப் புரதத்தில் ஒட்டியதும் சேர்த்து) கூடிக் காட்டும்.

எல்சி-எம்எஸ் முறையில் (மூலக்கூறுகளைப் பிரித்து, நிறையை வைத்து அளக்கும் முறை) பார்க்கும் லேப் எது? மாதிரியை மைனஸ் 20 டிகிரியில் வைப்பார்களா? கட்டணத்தோடு சொல்லுங்கள்.